கம்பத்துக்குக் கம்பம்: அம்மாவைப் போனிலேயே நடக்கவைத்த கதை

அம்மாவுக்கு 64 வயது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டு வாசலிலேயே 27 வருஷம் இட்லிக் கடை நடத்தியவர். விடிகாலை நாலு மணிக்கு மூட்டுகிற அடுப்பு பத்து மணி வரை எரியும். விறகு எல்லாம் சீமைக்கருவேலம். எங்கள் பக்கத்தில் வெட்ட வெட்ட முளைப்பது அது ஒன்றுதான். விறகில் கொஞ்சம் ஈரம் இருந்தால் போதும், புகை மேலே போகாமல் ஆளைச் சுற்றியே நிற்கும். அம்மா ஊதாங்குழலை எடுத்து ஊதுவார். ஊதி முடித்ததும் அடுத்த மூச்சை அதே புகையிலிருந்து இழுப்பார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று இப்போது கணக்குப் போட்டால் பயமாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. அதனால் 2023 ஜூலையில் மதுரையில் டாக்டர் 'சி.ஓ.பி.டி.' (மூச்சுக்குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும் நுரையீரல் நோய்) என்றபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அது புகை பிடிப்பவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "எத்தனை வருஷம் விறகடுப்பு?" என்பதுதான். அதுவரை இரண்டு வருஷமாக உள்ளூரில் அதற்கு 'இளைப்பு', 'வீசிங்' என்றுதான் பெயர். மூச்சு முட்டும்போது ஒரு ஊசி, ஒரு வாரம் மாத்திரை, அப்புறம் அடுத்த தடவை. ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இழுத்த காற்றை ஒரே ஊதலாக வெளியே விட வேண்டும். மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்று கருவி பார்க்கும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அது 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலையாக இருக்கிறது என்று பொருள். அம்மாவுக்கு 52.

அந்த இரண்டு வருஷத்தில் நான் செய்த பெரிய தப்பு, அன்போடு செய்த தப்பு. "ரெஸ்ட் எடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சென்னையிலிருந்து வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினேன். தண்ணீர் எடுக்க, வாசல் பெருக்க ஆள் வைத்தேன். அம்மா கட்டிலுக்கும் டிவிக்கும் நடுவே சுருங்கிப் போனார். 2021-இல் கோயில் வரை நடந்தவர், 2023-இல் பாத்ரூம் போய்வந்தாலே மேல்மூச்சு வாங்கினார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்தோம். நோய் பாதிதான், மீதி நான் கொடுத்த ரெஸ்ட் என்பது பிறகுதான் புரிந்தது.

அதைப் புரியவைத்தது மதுரை ஆஸ்பத்திரியில் பார்த்த பிசியோதெரபிஸ்ட். சின்ன வயதுப் பெண். அம்மாவுக்கு அவர் 'டாக்டர் பிள்ளை'. நடக்காமல் இருந்தால் தொடைத் தசை வற்றிப்போகும். வற்றிய தசை ஒரே ஒரு படி ஏறுவதற்கும் நிறைய மூச்சுக் கேட்கும். மூச்சு வாங்குகிறதே என்று பயந்து இன்னும் உட்காருவோம். தசை இன்னும் வற்றும். "நுரையீரலைப் பழையபடி ஆக்க என்னால முடியாதும்மா. காலைத் தேத்திரலாம். கால் தேறினா மூச்சு கம்மியாத்தான் கேக்கும்" என்றார். இந்த மூன்று வாக்கியத்தை முதல் வருஷமே யாராவது சொல்லியிருந்தால் வாஷிங் மெஷின் காசு மிச்சம்.

வாரம் இரண்டு நாள் மதுரைக்கு வரச் சொன்னார். ஒரு தடவை போக 50 கிலோமீட்டர், அதுவும் பஸ்ஸில். பயிற்சிக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே ஆள் தீர்ந்துவிடுவார். சரி, அப்படியானால் வாட்ஸ்அப் வீடியோவில் வாரம் இரண்டு நாள், நடுவில் போனில் ஒரு பேச்சு, மொத்தம் 12 வாரம் என்று முடிவானது. ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கறார்: முதல் பரிசோதனை நேரில்தான். இ.சி.ஜி., எக்கோ, பிரஷர் எல்லாம் பார்த்து டாக்டர் சரி சொன்ன பிறகு, 30 மீட்டர் அளந்து குறித்த வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டார். நடுவில் இரண்டு தடவை நின்று 210 மீட்டர் நடந்தார் அம்மா. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காமல் "வீடியோவிலேயே ஆரம்பித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் வீடியோ வகுப்பு அலங்கோலம். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, திண்ணையில்தான் வரும். திண்ணையில் நின்று கையைத் தூக்கினால் தெருவே பார்க்கும். "இந்த வயசுல என்னத்துக்கு டான்ஸு" என்று எதிர்வீட்டு அத்தை கேட்டதும் அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அடுத்த வகுப்பிலிருந்து நேரத்தைப் பதினொரு மணிக்கு மாற்றினோம். நூறு நாள் வேலைக்குத் தெரு காலியாகியிருக்கும். தொழில்நுட்பக் கோளாறு என்று நாங்கள் நினைத்ததில் பாதி வெட்கம்தான்.

இரண்டாவது வகுப்பில்தான் வீடியோவின் அருமை தெரிந்தது. "நீங்க மருந்து எடுக்கிறதைக் காட்டுங்கம்மா" என்றார் பிசியோ. அம்மா கேப்ஸ்யூலை இன்ஹேலர் கருவியில் போட்டார், திருகினார், வாயில் வைத்தார், ஊதினார். இழுப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு ஊது. ஊதாங்குழல் பிடித்த பழக்கம்! அந்த ஊதலில் பொடி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும், பறக்கும், உள்ளே போவது கொஞ்சம்தான். வாங்கிக் கொடுத்தவர்கள், விற்றவர்கள், நான் உட்பட ஒருவரும் பார்த்ததில்லை. கருவியை வாயிலிருந்து தள்ளிவைத்து மூச்சை வெளியே விட்டு, அப்புறம் வாயில் வைத்து வேகமாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, கடைசியில் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதை வரிசையாகப் பழக ஒரு வாரம் ஆனது. உங்கள் வீட்டில் இன்ஹேலர் இருந்தால், நாளைக்கே எடுத்துக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மாத்திரை என்று நினைத்து கேப்ஸ்யூலை விழுங்குகிறவர்கள்கூட இருக்கிறார்களாம்.

அடுத்தது உதட்டைக் குவித்து மூச்சு விடுவது. மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, குவித்த உதட்டால் நாலு எண்ணும் வரை விட வேண்டும். இந்த நோயில் காற்று உள்ளே போய்விடும், முழுக்க வெளியே வராது. பழைய காற்று தேங்கி நிற்கும்போது புதுக் காற்றுக்கு இடம் இருக்காது. வேகமாக நடக்க நடக்க தேக்கமும் ஏறும். மெதுவாக விட்டால் குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் தேங்கியது வெளியேறும். "ஊதாங்குழல்ல ஊதுவீங்கள்ல, அப்படித்தாம்மா" என்று நான்தான் அதிமேதாவியாக எடுத்துக் கொடுத்தேன். அம்மா கன்னம் உப்ப ஊதி, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பிசியோ திருத்தினார்: "அடுப்பை ஊதாதீங்கம்மா. சூடான காப்பியை ஆத்துங்க." அது உடனே பிடிபட்டது. நாற்காலியிலிருந்து எழும்போது ஆத்து, உட்காரும்போது இழு. குனிந்து எதையாவது எடுக்கும்போது ஆத்து. கஷ்டமான பாதியில் மூச்சை விட வேண்டும் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம்.

எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வது வழக்கம். 3, 4 இருந்தால் நல்லது, அதற்கு மேலே போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அம்மா எப்போது கேட்டாலும் "நாலு" என்றார். நாலு சொன்னால் டாக்டர் பிள்ளைக்குச் சந்தோஷம் என்று கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது வாரம் பிசியோ எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இப்ப உங்க அடுப்பு எப்படிம்மா எரியுது?" என்று கேட்டார். அம்மா யோசித்து, "தணலாத்தான் இருக்கு" என்றார். அதுவே எங்கள் அளவுகோல் ஆகிவிட்டது. சாம்பல் என்றால் போதாது, இன்னும் கொஞ்சம் நடக்கலாம். தணல் என்றால் சரி. கொழுந்துவிட்டு எரிகிறது என்றால் நிறுத்து. அடுப்பைப் பற்றி அம்மா பொய் சொல்ல மாட்டார்.

கையில் கட்டுகிற பேண்ட் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தேன். எத்தனை அடி எடுத்துவைத்தார் என்கிற அடிக்கணக்கு போனில் வரும், சென்னையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று எனக்கு ஒரே பெருமை. முதல் வாரம் ஒரு நாளைக்கு 900, 1,100 என்று வந்தது. நாலாம் நாள் திடீரென்று 4,000. போன் செய்து பாராட்டினால், அன்றைக்கு அம்மா அருப்புக்கோட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போய்வந்திருக்கிறார். ரோட்டுக் குழிகள் கொடுத்த கணக்கு அது. இன்னொரு நாள் நிஜமாகவே நடந்திருக்கிறார், ஆனால் ஒரு கையில் கூடை, இன்னொரு கையால் சுவரைப் பிடித்தபடி. கை ஆடாததால் பேண்டுக்கு அவர் நடந்ததே தெரியவில்லை. மெல்ல நடப்பவர்களுக்கு இந்தக் கருவிகள் குறைவாகவே எண்ணுகின்றன. அது பொதுவான குறை. ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு "ஏன் இன்னைக்கு 700?" என்று நான் விசாரணை நடத்தினேன் பாருங்கள், அதுதான் வினை. ஐந்தாம் நாள் பேண்ட் சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

பிசியோ என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்கம்மா எங்க போகணும்னு ஆசைப்படுறாங்க?" எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாகத் தினம் பேசுகிறேன். சாப்பிட்டாயா, மருந்து போட்டாயா, நடந்தாயா. அவ்வளவுதான் என் கேள்விகள். அம்மாவிடம் கேட்டால், "உன் சின்னம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷமாச்சு பாப்பா" என்றார். சின்னம்மா வீடு அதே தெருவின் கடைசி. எங்கள் வாசலிலிருந்து எட்டாவது கரண்ட் கம்பம்.

அதன் பிறகு அடிக்கணக்கு இல்லை, கம்பக் கணக்குதான். கம்பத்துக்குக் கம்பம் ஏறக்குறைய 40 மீட்டர். முதல் வாரம் ஒரு கம்பம் போய்வருவது, காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அது தணலாகவே ஐந்து நாள் இருந்தால் அடுத்த கம்பம். அப்பா பத்தடி பின்னால் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வருவார். அம்மா நின்றால் ஸ்டூல் போடுவார். அம்மா உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து காப்பியை ஆற்றுவார். சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். ஸ்டூல் இல்லாத நேரத்தில் சுவரில் கையூன்றிச் சாயலாம். ஒரு நாள் வீடியோவில் அம்மா கம்பத்திலேயே சாய்ந்து நிற்பதைப் பார்த்து பிசியோ அலறிவிட்டார். மழைக்காலத்தில் கரண்ட் கம்பத்தைத் தொடக்கூடாது என்பது எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இருக்காது என்று நினைக்கிறேன்.

நடையோடு இன்னும் சில வேலைகள். நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவது, ஐந்தில் ஆரம்பித்து பன்னிரண்டு வரை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்து மடக்குவது. கையைத் தலைக்கு மேலே தூக்கும் வேலைகள் இந்த நோயாளிகளுக்கு மூச்சை வாங்கும். அதனால் துணிக்கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டினோம். வாஷிங் மெஷினைவிட அந்தக் கயிறுதான் உதவியது. வயிறு முட்டச் சாப்பிட்டால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் அசைய இடமில்லாமல் போகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை. கொசுவத்திச் சுருளுக்குப் பதில் வலை. சாம்பிராணிக்கு மட்டும் அம்மா ஒப்பவில்லை; வெள்ளிக்கிழமை அப்பா போடுவார், அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பார் என்று சமரசம் ஆனது.

இதில் என் வேலை என்ன என்று புரிய எனக்கு நாளானது. தூரத்தில் இருப்பவரால் பார்க்க முடியாதது நிறைய, ஆனால் கேட்க முடியும். பிசியோ சொல்லிக்கொடுத்த வழி இது: நலம் விசாரிக்காதே, கதை கேள், ஒரே மூச்சில் எத்தனை வார்த்தை வருகிறது என்று எண்ணு. நல்ல நாளில் அம்மா ஒன்பது, பத்து வார்த்தை பேசிவிட்டுத்தான் மூச்சு எடுப்பார். ஆறு வந்தால் நான் அன்றைக்கு நடையைப் பற்றிப் பேச மாட்டேன். அதற்கும் கீழே வந்தால் அப்பாவைக் கூப்பிடச் சொல்வேன். அம்மா "நல்லாத்தான் இருக்கேன்" என்று எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம், எண்ணிக்கையை மறைக்க முடியாது.

விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் பற்றி ஒன்று. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற கருவி அது. நடக்கும்போது எங்களுக்குச் சொன்ன எல்லை 88. அதற்குக் கீழே இறங்கினால் நிற்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் எல்லை. அக்டோபரில் மழை பெய்த ஒரு ராத்திரி, அப்பா 81 என்று படம் அனுப்பினார். நான் பதறி, ஊரில் ஆட்டோவுக்குச் சொல்லி, அம்மாவைக் கிளம்பச் சொன்னேன். "பாத்திரம் விளக்கிட்டு இப்பத்தான் வந்து உக்காந்தேன், அதுக்குள்ள என்னத்துக்கு ஆட்டோ" என்று ஒரே மூச்சில் திட்டினார். எட்டு வார்த்தை! அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிசியோதான் கையைத் துடைத்துத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும் வரை பொறுத்துப் பார்க்கச் சொன்னார். 94. குளிர்ந்த விரல், நகப்பூச்சு எல்லாம் அதை ஏமாற்றும். ஆனால் கை சூடான பிறகும் எண் இறங்கியே இருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆள் குழம்பினாலோ, தூங்கி வழிந்தாலோ யோசிக்கவே வேண்டாம், 108-தான்.

நிஜமான சோதனை எட்டாவது வாரம் தீபாவளியில் வந்தது. சிவகாசி இருக்கும் மாவட்டத்தில் புகைக்குத் தப்பி எங்கே போவது? அன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தும் மறுநாள் இருமல் கூடியது. மூன்றாம் நாள் போனில் நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு. சளி என்ன நிறம் என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்றார். அப்பா ரகசியமாகப் பச்சை என்றார். மூச்சிரைப்பு கூடுவது, சளி கூடுவது, நிறம் மாறுவது; இவை சேர்ந்து வந்தால் பயிற்சியை நிறுத்தி அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று முதல் வாரமே ஒரு தாளில் எழுதி பீரோக் கதவில் ஒட்டியிருந்தோம். அதனால் வாக்குவாதம் இல்லை, தாளைக் காட்டி அப்பா அழைத்துப் போனார். ஐந்து நாள் மாத்திரையில் அடங்கியது, அட்மிஷன் தேவைப்படவில்லை. அப்போது அம்மா ஆறாவது கம்பத்தில் இருந்தார். திரும்ப முதல் கம்பத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்றதும் அழுதார். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி இருக்கிறதாம். ஆனால் இந்தத் தடவை ஆறை எட்ட இரண்டே வாரம்தான் ஆனது.

12 வாரம் முடிந்து மதுரையில் அதே வராந்தாவில் 268 மீட்டர், ஒரே ஒரு நிறுத்தம். 30 மீட்டர் கூடினாலே வித்தியாசம் தெரியும் என்பார்கள். ஊதும் பரிசோதனையில் எந்த மாற்றமும் இல்லை. அதை எதிர்பார்க்கவும் கூடாது. இப்படித் தூரத்திலிருந்து நடக்கவைப்பது ஒன்றும் நம் ஊர்க் குறுக்குவழி இல்லை என்று பிசியோ ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2017-இல் வெளியானது; ஐரோப்பாவில் 343 நோயாளிகள், அதே 12 வாரம், அடி எண்ணும் கருவி, போனில் தினமும் இலக்கு, தேவைப்பட்டால் ஒரு அழைப்பு. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட நாளைக்கு 1,400 காலடிக்கு மேல் கூடுதலாக நடந்தார்களாம். அவர்கள் தெருவில் நாய்கள் எப்படி என்று நான் கேட்கவில்லை.

செலவு ஒரு வகுப்புக்கு 300 ரூபாய். அது முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி சேவையும் உண்டு. பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க வருகிற அக்காவிடம் கேட்டாலே வழி சொல்வார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. 12 வாரம் முடிந்ததும் எல்லாம் விழுந்தது. வகுப்பு இல்லை, எனக்கும் ஆபீஸில் வருஷக் கடைசி வேலை, தினசரிப் பேச்சு வாரம் இரண்டானது. மார்கழிப் பனி வேறு. பொங்கலுக்குப் போனபோது, அம்மா ஒரு மாதமாக மூன்றாவது கம்பத்தைத் தாண்டவே இல்லை என்று தெரிந்தது. பயிற்சியை ஒரே நாளில் நிறுத்தாமல், வாரம் ஒன்று, அப்புறம் மாதம் இரண்டு என்று இழுத்துக் குறைத்திருக்க வேண்டும். இப்போது மாதம் ஒரு வீடியோ வகுப்பு நிரந்தரமாக இருக்கிறது, தினம் மாலை ஐந்து மணிக்கு என் போன். அந்த நேரத்தில் அவர் நடந்துகொண்டே பேசுவதில்லை. போய் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுவார். எந்தக் கம்பம் என்று நான் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பேன். மாவு மில் சத்தம் கேட்டால் நாலு, குழாயடிச் சண்டை கேட்டால் ஆறு.

போன மாதத்திலிருந்து எட்டாவது கம்பம். ஸ்டூல் வீட்டிலேயே இருக்கிறது. சின்னம்மா வீட்டில் கேஸ் உண்டு, ஆனாலும் சோறு வடிக்கவும் வெந்நீருக்கும் கொல்லையில் விறகடுப்புதான், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம். அம்மா காற்று வரும் பக்கமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு தங்கச்சியைத் திட்டுவதை நான் போனில் கேட்டுக்கொண்டிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை திட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று போனைத் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டார். "பாப்பா, இவ ஒரு மூச்சுல எத்தனை வார்த்தை பேசுறான்னு எண்ணு."

"எனக்கென்ன கேடு, உங்கம்மாவுக்கு வேற வேலையில்ல, இது சும்மா புகை இருமல்தான்" என்றார் சின்னம்மா. அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.